தேய்ந்த எழுத்தும் ஆயுத பூசையும்

என்னிடம் பழைய துப்பாக்கிகளின் படம் அனுப்புகிறவர்களில் ஒருவர்கூட தன்னுடைய கைத்துப்பாக்கி ஒரு வண்டிக்காரனிடம் இருந்ததாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டதில்லை. எல்லோருக்கும் குதிரைப்படை வேண்டும். ஈட்டி ஏந்திய குதிரைப்படை என்றால் இன்னும் நல்லது. அரசரின் காவல்படை என்றால் அன்றைக்கு அவர்கள் வீட்டில் விருந்துதான். நூறு வருடத்துக்கும் முன்னால் ஜெர்மன் இராணுவம் தன் கைத்துப்பாக்கிகளின் பிடியில் அடித்துவைத்த எண்களையும் எழுத்துகளையும் படித்து, ‘இது உணவும் வைக்கோலும் ஏற்றிப்போன வண்டிப் படையினுடையது’ என்று நான் பதில் எழுதினால் போதும். ‘வடிவாக உற்றுப் பார்த்தீர்களா, வேறு வெளிச்சத்தில் எடுத்து அனுப்பட்டுமா’ என்று கேட்டு மறுநாளே இன்னும் ஆறு படங்கள் வரும். எனக்கு வருகிற எரிச்சலைச் சொல்லி முடியாது.

எங்கள் ஆட்களும் இதில் குறைந்தவர்கள் இல்லை. ரொறன்ரோவில் கலியாண வீட்டு மேசைகளில் கேட்டுப் பார்த்தால், ஊரில் எல்லோருடைய பேரனாரும், அதாவது தாத்தாவும், ஊர்த்தலைவர் விதானையார்தான். இத்தனை விதானைமார் இருந்தால் அவர்கள் சொல்வதைக் கேட்க ஊரில் யார் மிச்சம் இருந்தார்கள் என்று ஒருமுறை கேட்டேன். அந்த மேசையில் எனக்கு மட்டும் ஐஸ்கிறீம் வந்து சேரவில்லை.

நான் லேத் வேலைக்காரன். கனடாவுக்கு வந்த புதிதில், ஸ்கார்பரோவில் ஓர் இயந்திரப் பட்டறையில் முதல் இரண்டு வருடமும் எனக்குத் தந்த வேலை இரும்பு அச்சுகளில் இலக்கம் அடிப்பது. ஒரு கையில் எழுத்து வெட்டிய பஞ்ச், மற்றக் கையில் சுத்தியல். ஒரே அடியில் எழுத்து விழவேண்டும். இரண்டாவது அடி அடித்தால் எழுத்துக்கு நிழல் விழுந்துவிடும். அப்படி ஆயிரக்கணக்கில் அடித்தவனுக்கு, இன்னொருவன் அடித்த எழுத்தைக் கண்டால் அவன் இடதுகைக்காரனா, அவசரக்காரனா என்பது தெரிந்துவிடும். இரும்பைப் பிடித்து இறுக்கும் வைஸ் ஒன்று வாங்கலாம் என்று ஒரு பழம்பொருள் சந்தைக்குப் போன இடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த ஒரு ஜெர்மன் ரிவோல்வரின் பிடியில் அப்படிக் கையால் அடித்த எழுத்துகளைக் கண்டேன். வைஸ் வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். அன்றைக்குப் பிடித்தது இருபது வருடமாக விடவில்லை.

விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை. முதலில் படைப்பிரிவின் இலக்கம். அடுத்தது அது என்ன படை என்று சொல்லும் எழுத்து. A என்றால் பீரங்கிப் படை, T என்றால் வண்டிப் படை, U என்றால் ஈட்டிக் குதிரைப்படை. பிறகு அணியின் இலக்கம், கடைசியில் ஆயுதத்தின் இலக்கம். துப்பாக்கி வேறு படைக்குக் கைமாறினால், பழைய வரியைக் குறுக்கே வெட்டிவிட்டுக் கீழே புதிய வரி அடிப்பார்கள். ஆளின் பெயர் ஒருநாளும் இருக்காது. இராணுவம் தன்னுடைய பொருளுக்குத் தன் பெயரைப் போட்டதே தவிர, அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தவனைப் பற்றி அக்கறைப்படவில்லை.

எனக்கு ஒரு கொள்கை இருந்தது. பத்துக்குப் பத்தும் தெரிந்தால் மட்டுமே வாய் திறப்பேன். பத்துக்கு ஒன்பது தெரிந்தால் ‘தெரியவில்லை, வேறு படம் அனுப்புங்கள்’ என்பேன். ஊகித்துச் சொல்கிறவர்களை இணையத்தில் நான் ஏசாத ஏச்சு இல்லை. இதனால் எனக்கு நல்ல பெயரும் இருந்தது, கெட்ட பெயரும் இருந்தது.

இத்தனைக்கும் எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கிகூட இருந்ததில்லை. மனைவியின் கட்டளை அது. “துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். இஞ்ச வந்திருந்து அதையே பூதக்கண்ணாடி வைச்சுப் பாக்கிறியள். படத்தில பாருங்கோ, வேண்டாமெண்டு சொல்லேல்லை. வீட்டுக்குள்ள வரக்கூடாது.” நானும் மீறவில்லை, அந்தப் புரட்டாசி மாதம் வரைக்கும்.

மல்வேர்னில் எங்கள் வீடு ஒரு வரிசை வீடு. பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஜெர்மன்காரக் கிழவி இருந்தார். எண்பத்தாறு வயது. சிறுமியாகத் தாய் தகப்பனோடு கப்பலில் வந்தவர். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. நாங்கள் அந்த வீட்டுக்கு வந்தபோது வரிசையில் அவர்தான் பழைய ஆள். எனக்கு வந்த ஜெர்மன் புத்தகப் பொதி ஒன்று தவறி அவர் வீட்டுக்குப் போனதில்தான் என் பைத்தியம் அவருக்குத் தெரியவந்தது. ‘தமிழனுக்கு எதற்கு இந்தப் புத்தகம்’ என்று கேட்டு அன்றைக்குச் சிரித்தவர், ஆறேழு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை, தேநீர்த் துவாயில் சுற்றிய ஒரு சாமானோடு எங்கள் கதவைத் தட்டினார்.

உள்ளே ஒரு பழைய ஜெர்மன் ரிவோல்வர். நீளமும் பாரமுமாக, ஒரு சின்னச் சம்மட்டியளவு இருந்தது. உடம்பு முழுக்கச் செங்கறள், சிவந்த துரு. அவ்வளவு பழையது என்றபடியால் கனடாச் சட்டத்தில் அது பழம்பொருள், அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை. அதைச் சொல்லித்தான் சமையல் குசினி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மனைவியைச் சமாதானப்படுத்தினேன். கிழவி சொன்ன கதை வேறு. அதைக் கேட்டபிறகு மனைவி தானாகவே தேத்தண்ணி போட்டாள்.

கிழவியின் தகப்பன்வழிப் பேரனாரும் அவருடைய தம்பியும் முதலாம் உலகப் போருக்குப் போனவர்கள். அண்ணன் பீரங்கிப் படையில், தம்பி வண்டிப் படையில். இருவரில் யாரோ ஒருவர் இந்த ரிவோல்வரை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். யார் என்று தெரியாது. தலைமுறை மாறிக் கனடாவுக்கும் வந்தபிறகு, ஒரு செத்தவீட்டில் வைத்துக் கிழவியின் தகப்பன் ‘இது என் அப்பாவினுடையது’ என்று அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். தம்பி வழியில் வந்தவர்கள் ‘இல்லை, எங்கள் அப்பாவினுடையது’ என்றார்கள். அன்றோடு இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு இல்லை. இப்போது அந்தப் பக்கத்தில் மிஞ்சியிருப்பது வாட்டர்லூவில் ஒரே ஒரு கிழவர். சின்ன வயதில் கிழவியும் அவரும் ஒரே கட்டிலில் தலைமாடும் கால்மாடுமாகப் படுத்து வளர்ந்தவர்களாம். பேசி நாற்பது வருடமாகிவிட்டது.

“நவம்பரில் நான் பிக்கரிங்கில் முதியோர் இல்லத்துக்குப் போகிறேன்” என்றார் கிழவி. “அதற்கு முன்னால் எனக்குத் தெரியவேண்டும். அவனுடையது என்றால் அவனிடம் போய்ச் சேரட்டும். எங்களுடையது என்றால், எங்கள் அப்பா கள்ளன் இல்லை என்று தெரிந்துகொண்டு நான் நிம்மதியாகச் சாவேன்.”

இரண்டு கிழமை, பதினான்கு நாள், தாருங்கள் என்று வாங்கி வைத்தேன். மனைவியும் நிபந்தனையோடு சம்மதித்தாள். “பேஸ்மென்ரில, பூட்டி. இரண்டு கிழமைக்கு மேல ஒரு நாளும் இல்லை.”

அன்றைக்கே பூதக்கண்ணாடியும் கையுமாகக் கீழே இறங்கினேன். பிடியின் பின்பக்கத்து இரும்பில் இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரி தெளிவானது. ஈட்டிக் குதிரைப்படை, குறுக்கே வெட்டப்பட்டிருந்தது. போருக்கு மிக முந்தியது, இந்தக் குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாதது. இரண்டாவது வரிதான் வழக்கைத் தீர்க்கும் வரி. அது உள்ளங்கை உரசும் இடத்தில் விழுந்திருந்ததால் தேய்ந்துபோயிருந்தது. முதல் இலக்கம் இருந்தது. கடைசி இலக்கம் பாதி இருந்தது. நடுவில் இருந்த எழுத்தில் ஒரு கால் மட்டும்தான் தெரிந்தது, அதுவும் கறளின் நிற வித்தியாசத்தில். சற்றுச் சரிந்த கால்.

சரிந்த கால் என்றால் A-யின் இடது காலாக இருக்கலாம். அல்லது கை சரிந்து அடித்த T-யாகவும் இருக்கலாம். ஆனால் பக்கத்து இலக்கங்கள் நேராக நின்றன. அடித்தவன் நிதானக்காரன். அவன் ஒரு எழுத்தை மட்டும் கோணலாக அடித்திருப்பான் என்று என் கை நம்பவில்லை. பத்துக்கு ஒன்பது A. கிழவியின் பேரனாருடைய படை.

ஒன்பதுதான். போனில் படம் எடுத்தால் சரியாக அந்த இடத்தில் வெளிச்சம் அடித்து வெள்ளையாகக் கிடந்தது. வளையமாக எரியும் விளக்கு வைத்த கமரா ஒன்றுக்கு ஓடர் கொடுத்தேன். வந்து சேரப் பத்து நாளாகும் என்றார்கள். முதல் ஒரு கிழமையும் நான் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கிழவி வாசலில் நின்று கேட்டார். “என்ன நினைக்கிறீர்கள் என்றாவது சொல்லக்கூடாதா?” நினைப்பதை நான் சொல்வதில்லை என்று ஒவ்வொரு நாளும் பெரிய மனிதனாகப் பதில் சொன்னேன். இப்போது எழுதும்போதும் என் முகத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

இடையில் நவராத்திரி வந்தது.

எங்கள் வீட்டில் ஆயுத பூசை ஒழுங்காக நடக்கும். எங்களுக்குச் சோறு போடுகிற சாமான்கள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்குவோம். என்னுடைய மைக்ரோமீற்றர், கலிப்பர், பஞ்ச் பெட்டி, மனைவியின் தையல் மெசின், காரின் திறப்புச் சாவி, மகளின் பழைய கல்குலேற்றர். வைத்த சாமானை மறுநாள் காலை விஜயதசமிப் பூசை முடியும்வரை தொடக்கூடாது. வேலைக்கு விடுமுறை இல்லாத நாட்டில், ஆயுதங்களுக்காவது ஒரு நாள் ஓய்வு கொடுப்பது எனக்குப் பிடிக்கும். துடைப்பது எப்போதும் மனைவியின் பங்கு. கேக்குத் தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலை அவளுக்கு. கை எப்போதும் துருதுருவென்றிருக்கும்.

அந்த வருடம் ஒன்பதாம் நாளும் அதற்கு முதல் நாளும் எனக்கு ஓவர்டைம். எட்டாம் நாள் காலை அவசரமாக வெளிக்கிட்டபோது பேஸ்மென்ரில் இருந்த என் வேலை ஆயுதப் பெட்டியின் திறப்பைக் குசினி மேசையில் வைத்து ஒரு வசனம் சொன்னேன். எனக்கு அது ஒவ்வொரு எழுத்தாக ஞாபகம் இருக்கிறது.

“பெட்டிக்குள்ள கிடக்கிற எல்லாத்தையும் வடிவாத் துடைச்சு சாமிக்கு முன்னால வை.”

கிழவியின் ரிவோல்வரும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. வீட்டில் பூட்டக்கூடிய பெட்டி அது ஒன்றுதான்.

ஒன்பதாம் நாள் பின்னேரம் வேலையால் வந்தபோது வாசலில் ஏழெட்டுச் சோடிச் சப்பாத்துகள். மனைவியோடு வேலை செய்கிற பெண்கள் வந்திருந்தார்கள். பாட்டு நடந்துகொண்டிருந்தது. கால் முகம் கழுவிக்கொண்டு சாமியறை வாசலில் போய் நின்றேன். மைக்ரோமீற்றர் இருந்தது, கலிப்பர் இருந்தது. அவற்றுக்கு நடுவே, வெள்ளைத் துணி விரித்த பலகையில், புதுச் சில்வர்ச் செம்பு போல ஒன்று பளபளத்தது. அதற்கு மூன்று குறி சந்தனம், நடுவில் குங்குமம், மேலே ஒரு செவ்வந்திப் பூ.

கிழவியின் ரிவோல்வர். இரண்டு முழத் தூரத்தில் அது கிடக்கிறது. ஒரு எட்டு எடுத்து வைத்தால் பிடியைத் திருப்பிப் பார்த்துவிடலாம். ஆனால் பூசையில் வைத்த சாமானை நாளைக் காலைவரை தொடக்கூடாது. சுற்றிவர ஏழெட்டுப் பெண்கள் கண்ணை மூடிப் பாடுகிறார்கள். மனைவி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். எப்படி இருக்கிறது என்று கேட்கிற ஆட்டம். அவளுக்கு அவ்வளவு பெருமை. நான் அவல் வாங்கினேன், கடலை வாங்கினேன், வந்தவர்களிடம் சுகம் விசாரித்தேன்.

விஜயதசமி அன்று காலை கற்பூரம் அணைந்த உடனே அதைத் தூக்கினேன். சந்தனத்தைத் துடைத்துவிட்டு யன்னலுக்குப் போனேன். வெட்டிய முதல் வரி அப்படியே இருந்தது. இரண்டாவது வரி இருந்த இடத்தில் முதல் இலக்கம் மங்கலாக நின்றது. மற்றது எல்லாம் வழவழப்பு. விரலால் தடவினேன், நகத்தால் தடவினேன், கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சரிந்த கால் இல்லை. வேலைக்காரன் பார்த்தால் மெச்சுகிற சுத்தமான இரும்பு.

“என்னடியப்பா செய்தனி இதுக்கு?”

“ஏன்? கறள் எடுத்தனான். போனில ஒரு வீடியோவில போட்டிருந்தவங்கள். வினாகிரியும் பழப்புளியும் கலந்து ராமுழுக்க ஊறவிட்டிட்டுக் கம்பிப் பஞ்சால தேய்ச்சால் புதுசு மாதிரி வரும் எண்டு. கை விரலெல்லாம் நோகுது.”

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அறிவு இருக்கிறதா என்றேன், இரவல் சாமான் என்றேன், நாற்பது வருடத்துச் சண்டை என்றேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு ஒன்று மட்டும் சொன்னாள்.

“எல்லாத்தையும் வடிவாத் துடைச்சு வை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

அது உண்மை என்றபடியால் இன்னும் கோபம் வந்தது. நான்கு நாள் அவளோடு பேசவில்லை. அந்த நான்கு நாளும் வாசலால் போகாமல் பின்பக்கத்தால் போய் வந்தேன், கிழவியின் கண்ணில் படாமல். என் வயதில் ஒரு மனிதன் குப்பை வாளிகளுக்கு நடுவால் குனிந்து வேலைக்குப் போனான்.

மூன்றாம் நாள் அந்தக் கமரா வந்தது. அருமையான விளக்கு. வைத்துப் பார்த்தேன். மனைவியின் கம்பிப் பஞ்சு போன திசையெல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. அமிலம் பூசினால் அரம் போட்டு அழித்த எழுத்தும் சில வேளை மேலே வரும் என்று படித்திருக்கிறேன். பொலிஸ்காரர் ஆய்வுகூடத்தில் செய்வார்கள். பட்டறையிலிருந்து அமிலம் எடுத்துவந்து போத்தல் மூடியைத் திறந்தும் விட்டேன். பிறகு மூடிவிட்டேன். அடுத்தவரின் சாமானை ஒரே வீட்டில் இரண்டு பேர் கெடுக்கத் தேவையில்லை.

நான்காம் நாள் பின்னேரம் மனைவி நல்ல சேலை உடுத்துக்கொண்டு வந்து நின்றாள். “வாங்கோ, போய்ச் சொல்லுவம். நான்தான் சொல்லுவன். நீங்கள் சும்மா வந்து இருங்கோ.” நான் மாட்டேன் என்றேன். அவள் ரிவோல்வரைத் தானே துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு வாசலைத் திறந்தாள். பின்னால் போகாமல் என்ன செய்வது?

கிழவி வீட்டின் முன்னறையில் பாதிச் சாமான்கள் பெட்டிகளுக்குள் போயிருந்தன. மனைவி துவாயைப் பிரித்து மேசையில் வைத்தாள். கிழவி அந்தப் பளபளப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுத்து எங்கே என்று கேட்டார். போய்விட்டது, வாசிக்கமுடியாது என்றேன். அவர் முகம் விழுந்துபோனது. வாய் சற்றுத் திறந்தபடி இருந்தது. நான் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவி தன்னுடைய ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். தொழிற்சாலை ஆங்கிலம், குறுகிய வசனங்கள். எங்களுக்கு ஒரு பூசை இருக்கிறது, ஆயுதங்களைக் கடவுளுக்கு முன்னால் வைப்போம், அழுக்காக வைக்கக்கூடாது என்றாள். பிறகு ரிவோல்வரைக் காட்டினாள்.

“அந்தக் கறள் காய்ந்த இரத்தம் மாதிரி இருந்தது. எனக்கு அது தெரியும். நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதைக் கடவுளுக்கு முன்னால் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அது போகும்வரை தேய்த்தேன்.”

நான்கு நாளில் நான் அவளிடம் ஏன் என்று கேட்கவில்லை. என்ன செய்தாய் என்றுதான் கேட்டேன். ஒரு எழுத்தின் காலைப் பார்த்து அடித்தவனின் கையைச் சொல்லுவேன் என்று இருபது வருடம் பெருமையடித்தவன், விரல் நோக நோக அவள் எதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் என்று யோசிக்கவில்லை. எனக்கு அங்கேயே எழும்பிப் போய்விட வேண்டும் போலிருந்தது.

சின்ன வயதில் தானும் அப்படித்தான் நினைத்ததாகக் கிழவி சொன்னார். அதனால் ஒருநாளும் வெறுங்கையால் அதைத் தொட்டதில்லையாம். சொல்லிவிட்டு விரலை நீட்டி அந்த வழவழப்பைத் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு அவருக்குக் கோபம் வந்தது, என் மேல்.

“இது அவனுடைய சாமானாகவும் இருக்கலாம். அவனுடையதைக் கெடுத்திருந்தால் அவனுக்குச் சொல்லவேண்டும். நீங்களே சொல்லுங்கள்.”

மறுக்க வழியில்லை. நாற்பது வருடத்துக்குப் பிறகும் ஒரு பழைய சின்னக் கொப்பியில் வாட்டர்லூக் கிழவரின் போன் இலக்கம் இருந்தது. கிழவி அதை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுப் போனை மேசையில் வைத்தார். மறுமுனையில் ஒரு கிழவரின் குரல். நான் யார் என்று சொல்லி, மல்வேர்னில் ஒரு தமிழன் என்று சொல்லி, ரிவோல்வர், எழுத்து, பூசை, வினாகிரி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒப்புவித்தேன். பழப்புளிக்கு எனக்கு ஆங்கிலம் வரவில்லை, விட்டுவிட்டேன்.

பிறகு கிழவர் ஜெர்மன் மொழியில் ஏதோ கேட்டார். கிழவி ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார். மறுமுனையில் கிழவர் வெடித்துச் சிரித்தார். சிரித்து முடித்துத் திட்டினார், யாரையென்று எனக்குத் தெரியும், ஏனென்றால் கிழவி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கிழவியும் சேர்ந்து திட்டினார். அரை மணித்தியாலம் இருவரும் என்னைத் திட்டிச் சிரித்தார்கள், நடுவில் கிழவி கண்ணாடியைக் கழற்றி அழுதார். எனக்குத் தெரிந்த ஜெர்மன் சொற்கள் எல்லாம் படைப்பிரிவுகளின் பெயர்கள். அந்த அரை மணித்தியாலத்தில் அதில் ஒன்றுகூட வரவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிழவர் வாட்டர்லூவிலிருந்து வந்தார். எங்களையும் கூப்பிட்டார்கள். உயரமான ஆள், ஊன்றுகோல், பெரிய காதுகள். கிழவிக்கும் அதே காதுகள் என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். மேசையில் கோப்பியும் பிளம்ஸ் வைத்துச் சுட்ட ஒரு கேக்கும் இருந்தன. ரிவோல்வரும் இருந்தது. கிழவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பி, பிடியின் பின்பக்கத்தைப் பெருவிரலால் தடவினார். பிறகு என்னிடம் கேட்டார்.

“தேய்ப்பதற்கு முன்னால் நீங்கள் பார்த்தீர்கள்தானே? என்ன என்று நினைத்தீர்கள்?”

கேக் வெட்டிக்கொண்டிருந்த கிழவியின் கத்தி நின்றுவிட்டது. ஒரு கிழமையாக வாசலில் நின்று அவர் கேட்ட அதே கேள்வி. ஆனால் இந்த முறை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கேக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

A என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கிழவியின் அப்பா கள்ளன் இல்லை. சொல்லியிருந்தால் இந்தக் கிழவரின் அப்பா பொய்ச் சண்டை பிடித்தவர். அது உண்மையும்கூட, அல்லது உண்மைக்கு ஒரு அங்குலம் பக்கத்தில். என் நாக்கு நுனியில் நின்றது. படம் அனுப்பும் ஒவ்வொருவனும் எனக்குத் தந்த எரிச்சல் எல்லாம் சேர்ந்து சொல்லு சொல்லு என்றது.

“தெரியாது” என்றேன். “வாசிக்கமுடியவில்லை.”

“நல்லது” என்றார் கிழவர். கிழவி பெரிய துண்டாக வெட்டி என் தட்டில்தான் முதலில் வைத்தார். இருபது வருடமாக உள்ளதை உள்ளபடி சொல்லி ஒருவரிடமும் ஒரு நன்றி ஒழுங்காக வாங்கியதில்லை. அன்றைக்குத் தெரியாது என்றேன், கேக் தந்தார்கள். நான் அதை முள்ளுக்கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தேன். மனைவி இரண்டாம் துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

வெளியே வந்து எங்கள் வாசலுக்குப் பத்து அடி நடப்பதற்குள் அவள் கேட்டாள், “உண்மையாத் தெரியாதோ உங்களுக்கு?”

“A தான்” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. “பீரங்கிப் படை. அந்த மனுசியின்ர பேரனார்தான் கொண்டுவந்தவர். எனக்குத் தெரியும்.”

அவள் திரும்பிக் கிழவியின் யன்னலைப் பார்த்தாள். உள்ளே இரண்டு பெரிய காதுக்காரர்களும் மேசையில் குனிந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

“சரி, எனக்குச் சொல்லியாச்சு” என்றாள். “இனி வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வாங்கோ.”